கைராசிக்காரி

என் அண்ணனின் கதையைச் சொல்வதென்றால் என் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதில்தான் சிக்கல். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடலாமா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் நான் வந்து நின்றுவிடுகிறேன்.

அண்ணன் பூட்டுச் சாவி வேலை செய்பவர். ஒரு மாடிப்படிக்குக் கீழே, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற இடம்தான் கடை. வெட்டாத சாவிகள் சுவரெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஏழெட்டு அரம், ஓர் இடுக்கி, சாவி வெட்டுகிற சின்ன மெஷின் ஒன்று. மெஷின் வெட்டிக் கொடுத்ததை அவர் அப்படியே நம்பிக் கொடுத்துவிட மாட்டார். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, விரல் நுனியால் பல்லைத் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் அந்தச் சாவி கடையை விட்டுப் போகும்.

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவராவது வந்து “இவங்க வீடுதான்” என்று சொல்லாமல் பூட்டில் கை வைக்க மாட்டார். திறந்ததும் கதவை நாலு விரல் அளவுக்குத் தள்ளிவிட்டு நகர்ந்துகொள்வார். “பூட்டைத் திறக்கத்தான கூப்பிட்டாங்க, வீட்டைப் பாக்கவா கூப்பிட்டாங்க” என்பார். கண், விரல், வாய் இந்த மூன்றும்தான் அவர் பிழைப்பு. வாய் கொஞ்சம் கூடுதல்.

நாற்பத்து மூன்று வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. “வீட்டுல இனிப்பா பேச ஆளில்ல, உடம்பே பாவம் பாத்து தயார் பண்ணிக்குது” என்று அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். “சமையல்ல உப்பு போடறதும் நான்தான், அதுக்கும் ஒண்ணு வரும், பொறுங்க” என்றார் அண்ணி. சொல்லி ஒரு வருஷத்தில் ரத்த அழுத்தமும் வந்தது. அந்தப் பேச்சை நினைத்து அண்ணி இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்கிறார். பாவம், திட்டு வாங்க வேண்டியவள் வேறொருத்தி.

நான் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்கில் பதினாறு வருஷமாக வேலை. மாடியில் நீளமான ஒரு கூடம். அதன் கோடியில் டாக்டர் அறை. அதற்கு முன்னால் பிரஷர் பார்க்க இரண்டு மேஜைகள். ஒன்று என்னுடையது, மற்றது கண்ணாடியுடையது. கண்ணாடி என்பது அவளுக்கு நான் வைத்த பெயர். அவள் மூக்கில் இருந்த கண்ணாடிக்காக என்பதை விட, அதன் வழியாக அவள் பார்க்கிற பார்வைக்காக வைத்தது. அவள் மேஜையில் சட்டம் என்றால் சட்டம்தான். வந்ததும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் படிய வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு முறை பார்ப்பாள், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை பார்ப்பாள். வந்த எண்ணை அப்படியே நோயாளி கையோடு கொண்டுபோகிற கார்டிலும், கிளினிக் அலமாரியில் இருக்கிற அதன் நகலிலும் எழுதுவாள்.

எங்களிடம் இருந்தது கையால் பம்ப் அடித்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பழைய கருவி. அந்த எண் பார்க்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். நோயாளி கையை நீட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பதைத் தாண்டக் கூடாது என்பதில் பெரிய டாக்டர் பிடிவாதமானவர். தாண்டினால் மாத்திரையைக் கூட்டுவார், இல்லையென்றால் இன்னொன்று சேர்ப்பார். “சர்க்கரையாவது கொஞ்சம் சத்தம் போடும். தாகம் எடுக்கும், உடம்பு இளைக்கும். பிரஷர் சத்தமே போடாது. பின்பக்கமா வந்து கிட்னியையும் கண்ணையும் தின்னுட்டுப் போயிடும்” என்று எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். நான் மண்டையை மண்டையை ஆட்டுவேன்.

ஆரம்பித்தது ஒரு பள்ளிக்கூட ஆயாவிடம். மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். நூற்று நாற்பத்து நாலு. ஐந்து நிமிஷம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்திருந்தால் நூற்று முப்பதுக்கு வந்திருக்கும், எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். ஐந்து நிமிஷம் கழித்து வரப்போகிற எண்ணை இப்போதே எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று 130/80 எழுதிவிட்டேன். மாத்திரை கூடவில்லை. போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கை ராசியான கைம்மா” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிடுசிடுப்புக்காரி என்றுதான் கிளினிக்கில் எனக்குப் பெயர். பேச்சு பரவியது. என் மேஜை வரிசை மாடிப்படி வரைக்கும் நீண்டது. கண்ணாடி தன் மேஜையில் ஈ ஓட்டினாள். “என்ன கண்ணாடி, உன் பக்கம் காத்து நல்லா வருதா?” என்று நான் கேலி செய்வேன். அவள் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து வைப்பாள். நூற்று நாற்பதை இறக்கி எழுதியவள் பிறகு நூற்று ஐம்பதையும் இறக்கினேன். போகப் போக, முள் எங்கே நின்றது என்று ஒழுங்காகப் பார்த்தேனா என்பதே சந்தேகம்தான். கை பம்ப் அடிக்கும், வாய் அடுத்த ஆளைக் கூப்பிடும், பேனா 130/80 எழுதும்.

அண்ணனும் என் மேஜைக்குத்தான் வருவார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழ்ப்படியிலிருந்தே பேசிக்கொண்டு ஏறுவார். நான் பார்க்கும்போதும் பேசுவார். “பாப்பா, மாத்திரையைக் கூட்டச் சொல்லிடாத. கூடினா கிறுகிறுங்குது, சாவிப் பல்லு ரெண்டு ரெண்டா தெரியுது” என்பார். எனக்கு நாற்பத்தைந்து வயது ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். நான் எழுதுவேன். அவர் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். “என் தங்கச்சி கை பட்டா நூத்தி முப்பதை விட்டு நகராது. சர்க்கரை இருந்தா அவகிட்ட போங்க. அந்தக் கண்ணாடிகிட்ட மாட்டிக்காதீங்க.” அப்படி அவர் அனுப்பி வைத்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது நான் எண்ணவில்லை.

ஒரு நாள் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவரு கால் சாயங்காலமானா வீங்குது. அழுத்தினா குழி விழுது. பிரஷர் ஏதாவது கூட இருக்குமோ?” என்று கேட்டார். “நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வீங்காம என்ன அண்ணி செய்யும்? கார்டைப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு” என்றேன். நான் எழுதிய பொய்யை நானே சாட்சிக்குக் கூப்பிட்டேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சங்கூடப் பிசிறவில்லை என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு சாவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு வாடிக்கையாளர் ஒரே சாவியை மூன்று முறை கொண்டுவந்தார், பூட்டில் திரும்பவில்லை என்று. அண்ணன் பூட்டைத்தான் குறை சொன்னார். நாலாவது முறை அரம் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. வலது கண்ணில் நூலாம்படை மாதிரி ஏதோ ஆடுகிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். அண்ணியும் நானும் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அங்கே இருந்த மெஷின் தானாகவே பிரஷர் பார்த்து எண்ணைக் காட்டியது. நூற்று எண்பத்து இரண்டுக்கு நூற்று நாலு.

“உங்க மெஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்க” என்று அண்ணன் சண்டைக்குப் போனார். “போன வாரந்தான் என் தங்கச்சி பாத்தா. நூத்தி முப்பது. இந்தா நிக்கிறா, கேளுங்க.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “பதட்டத்துல ஏறியிருக்கலாம்” என்று மென்று விழுங்கினேன்.

அங்கிருந்து சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். சிறுநீரில் புரதம் போகிறது என்றார். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதி வேலைதான் செய்கின்றன என்றார். பிறகு அண்ணனின் கார்டை விரித்து மேஜை மேல் வைத்தார். இரண்டரை வருஷம், பத்து வரி. பத்திலும் என் கையெழுத்தில் 130/80.

“போன வாரம் வரைக்கும் இவ்ளோ நல்லா இருந்திருக்கு. திடீர்னு நூத்தி எண்பதுன்னா, கிட்னிக்குப் போற ரத்தக் குழாயில அடைப்பு இருக்கலாம். சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பாக்கணும்” என்றார்.

“அந்தச் சாயம் கிட்னியைக் கெடுக்காதா டாக்டர்?” என்று நான் கேட்டேன்.

“கெடுக்கலாம். ஏற்கெனவே களைச்சுப் போன கிட்னி. மோசமானா டயாலிசிஸ்ல கொண்டுபோய் விடவும் வாய்ப்பிருக்கு. சாதாரணமா இவருக்கு நான் இதைச் செய்யவே மாட்டேன். ஆனா இந்தக் கார்டைப் பாத்தா எனக்கு வேற வழி தெரியல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். கார்டு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நான் சொல்லவில்லை. வேலை போகும் என்கிற பயம் ஒரு பக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அண்ணனின் முகம். பெருமையோடு என் பக்கம் திரும்பியிருந்த அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. படம் எடுக்க இரண்டு நாள் இருந்தது. அதற்குள் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாளும் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அவருக்குத் தலையணை சரி செய்தேன், அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. அண்ணனுக்கு ஆஸ்பத்திரி அங்கி மாட்டி, கையில் ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் சம்மதப் படிவத்தை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “நீ படிச்சவ. படிச்சுப் பாத்துச் சொல்லும்மா. கையெழுத்துப் போடலாமா?”

“போடாதீங்க அண்ணி” என்றேன்.

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. கார்டில் இருப்பது நான் பார்த்த எண் இல்லை, நான் எழுதின எண் என்றேன். திடீரென்று ஏறவில்லை, வெகுநாளாகவே அதிகம்தான் என்றேன். டாக்டர் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, “எவ்ளோ நாளா?” என்று கேட்டார்.

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்.”

“எவ்ளோ இருந்திருக்கும்?”

“நூத்தி அறுபது, எழுபது.”

அவர் என்னைத் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுப் படம் எடுப்பதை நிறுத்தச் சொன்னார். மாத்திரையின் அளவைக் கூட்டி, கூட இரண்டு புது மாத்திரைகள் எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், வீட்டிலேயே மெஷின் வைத்துக் காலையும் மாலையும் பார்க்கச் சொன்னார். இப்படியே இறங்கிவிட்டால் சாயம் தேவைப்படாது என்றார். “போன கிட்னி திரும்பி வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். மாத்திரையை அன்னைக்கே கூட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது” என்று கடைசியாகச் சொன்னார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கார்டைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி, “அன்னைக்கு உன்கிட்ட காலைப் பத்திக் கேட்டேனே” என்றார். அண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஓயாமல் பேசுகிற மனிதர், வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார். என் கையெழுத்து இருக்கும் நகல் கார்டுகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொருவரையும் திரும்ப வரவழைக்கச் சொன்னார். கண்ணாடி எழுந்து கார்டு அலமாரியைத் திறந்தாள். எத்தனையோ கேலிக்குத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு நல்ல சந்தர்ப்பம். அவள் கார்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். “பாப்பா, நாளைக்குக் காலைல வா. பதினோரு பேர் இருக்காங்க.”

“எந்தப் பதினோரு பேர் அண்ணே?”

“உன் கைராசியைச் சொல்லி நான் அனுப்பினவங்க.”

“கிளினிக்லேர்ந்து போன் பண்ணுவாங்கண்ணே.”

“கிளினிக் சொல்லியா அவங்க உன்கிட்ட வந்தாங்க? நான் சொல்லி வந்தாங்க. நான்தான் போய் நிக்கணும். நீயும் வா. உன் வாயால சொல்லு.”

போனேன். வலது கண்ணில் கட்டோடு அண்ணன் முன்னால் நடந்தார். எல்லா வீடும் அவர் பூட்டு மாட்டிய வீடுகள், வழி கேட்கவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் கதவைத் தட்டுவார், “என் தங்கச்சி ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கா” என்பார். நான் சொல்லுவேன். கார்டுல இருக்கறது நிஜமில்ல, நாளைக்கே போய்த் திரும்பப் பாத்துக்கங்க, தப்பு என்னோடது. ஒருவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். ஒரு தையல்காரம்மா, “அப்ப நான் இத்தன நாளா போட்டுக்கிட்டிருந்த மாத்திரை பத்தலையா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளினிக்குக்கு இன்றைக்கு விடுமுறை என்று அண்ணன்தான் அவரை உட்கார வைத்தார். பத்து வீடு முடிந்தபோது எனக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. கொஞ்சம் மனசு லேசானது மாதிரியும் இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராவது, புத்தகம் பைண்டிங் செய்கிறவர் வீடு. அவர் எனக்கு நன்றாக நினைவிருந்தார். விரல் இடுக்கிலெல்லாம் பசை காய்ந்திருக்கும். இரண்டு முறையாக வரவில்லை, வேறு கிளினிக்குக்கு மாறிவிட்டார் போல என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. அண்ணனைப் பார்த்ததும், “வாங்க, வாங்க” என்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கூடத்தில் பைண்டிங் பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது.

“சாரைப் பாக்கணும்” என்றார் அண்ணன்.

“உங்களுக்குத் தெரியாதா? அவர் போயி நாலு மாசம் ஆச்சு” என்றார் அந்த அம்மா. “காலைல முகம் கழுவப் போனவர் அப்படியே சாஞ்சுட்டாரு. மூளைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிருச்சுன்னாங்க.”

அண்ணன் எழுந்தார். “நாங்க இன்னொரு நாள் வரோம்மா” என்று என் தோளைத் தொட்டார். அந்தத் தொடுகை எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டாம், வா போகலாம் என்கிறார். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கதான அந்தக் கைராசி நர்ஸு?” என்று கேட்டார். “அவரு உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல. போன பிறகு எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க, பிரஷர் இருந்திருக்கு, நீ கவனிக்கலையான்னு. நான் கார்டை எடுத்துக் காட்டினேன். கடைசித் தடவை வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. என் கவனிப்புல குறையில்ல, விதிதான்னு அதைப் பாத்துத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்.”

வெளியே போயிருக்கலாம். அண்ணனே வழி விட்டுக் கொடுத்திருந்தார். இந்த அம்மாவிடம் சொல்லி யார் பிழைக்கப் போகிறார்கள் என்று ஒரு நொடி எனக்கே நியாயம் பேசினேன். பொய்யை எழுதும்போதெல்லாம் இப்படி ஒரு நியாயம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

“உங்க கவனிப்புல குறையில்லம்மா” என்றேன். “ஆனா அந்தக் கார்டு பொய். அவருக்கு பிரஷர் அதிகமா இருந்துச்சு. நான்தான் குறைச்சு எழுதினேன். எழுதாம இருந்திருந்தா டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருப்பாரு.”

அந்த அம்மா அழவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து கார்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“அப்ப அன்னைக்கு நெஜமா எவ்ளோ இருந்துச்சு?”

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தத் தேதி, அந்த மேஜை, பசை காய்ந்த அவர் கை எல்லாம் நினைவுக்கு வந்தன. எண் வரவில்லை. அந்த அம்மா விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

“தெரியலம்மா” என்றேன். “நான் பாக்கல.”